வீட்டுக்கார அம்மா முதலில் காட்டிய சுவர்

ஒன்பது ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டைச் சென்ற மாதம் காலி செய்தோம். வாடகை வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறார்கள். நானும் முன்பு அப்படி எழுதியவன்தான். ஆனால் நல்ல வீட்டுக்காரர் என்பவர் எப்படி இருப்பார் என்று கேட்டால், வாடகையைக் குறைத்து வாங்குபவர் என்றோ தங்கமான மனசுக்காரர் என்றோதான் பதில் வருகிறது. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டுக்கார அம்மா வாடகையைக் குறைத்து வாங்கியவரும் இல்லை, சிரித்துச் சிரித்துப் பேசுகிறவரும் இல்லை. எங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அதை ஓர் உபகாரம்போல அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நாங்கள் அந்த வீட்டில் நிம்மதியாக இருந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

வீடு பார்க்கப் போன நாள் இன்னும் கண்முன் நிற்கிறது. வீடு காட்டுகிறவர்கள் முதலில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டத்தைக் காட்டுவார்கள், புதிதாக அடித்த வண்ணத்தைக் காட்டுவார்கள். இந்த அம்மா எங்களை நேரே உள்ளறைக்கு அழைத்துப் போய், கூரையை ஒட்டிய மூலையில் வண்ணம் உப்பி, பொருக்குத் தட்டி, வெள்ளையாய் உப்புப் பூத்திருந்த ஓர் இடத்தைக் கைநீட்டிக் காட்டினார். "இங்கே ஓதம் அடிக்கிறது தம்பி. இரண்டு முறை ஆள் வைத்துப் பார்த்தாயிற்று, இன்னும் நிற்கவில்லை. வண்ணம் அடித்து மறைத்துவிட்டு உங்களுக்குக் காட்டியிருக்கலாம். ஆறு மாதத்தில் மறுபடியும் வெளியே வந்துவிடும். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றார். என் மனைவி அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னாள். எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஓதத்தைப் பற்றிய கவலை எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்.

அதற்கு முன் இருந்த வீட்டைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் என் கவலை புரியும். அங்கே குளியலறைக் குழாய் ஒன்று வினாடிக்கு ஒரு சொட்டு என்று சொட்டிக்கொண்டிருந்தது. தூக்கம் வராத ஓர் இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு கால் மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது 21 லிட்டருக்கு மேல். ஒரு ரப்பர் வாஷரை மாற்றினால் தீர்ந்துபோகும் வேலை. அதை அந்த வீட்டுக்காரரிடம் சொல்லும்போதெல்லாம், அவருடைய சொந்தப் பணத்தில் எங்களுக்கு ஏதோ நகை செய்து தரச் சொன்னதுபோல முகத்தைச் சுருக்குவார். கடைசியில் நானே மாற்றிக்கொண்டேன். 'என்னைக் கேட்காமல் ஏன் கை வைத்தீர்கள்' என்று அதற்கும் ஒரு பேச்சுக் கேட்டேன்.

புது வீட்டுக்குக் குடிபோன அன்று மின்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கோடு போட்ட பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று தொங்கியது. முதல் பக்கத்தில், தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது, அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அந்த அம்மா படம் போட்டிருந்தார். அடுத்த பக்கத்தில் எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்ற விவரம். அதற்குக் கீழே, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியருக்கானது என்றும், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும் என்றும், அழுத்தியும் மின்சாரம் நிற்கவில்லை என்றால் உடனே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய தேதிகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்களுக்கு எதிரே, 'நான் ஊரில் இல்லாவிட்டால் நீங்களே கூப்பிடலாம், ரசீதை மட்டும் வைத்திருங்கள்' என்ற குறிப்பு. இந்த ஒரு வரி எத்தனை சண்டைகளைத் தவிர்த்திருக்கும் என்பது வாடகைக்கு இருந்தவர்களுக்கு விளங்கும். அவசரத்துக்கு யார் ஆள் அழைப்பது, யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு, குழாய் வெடிப்பதற்கு முன்பே அங்கே பதில் இருந்தது.

ஆணி அடிப்பதைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "குடியிருக்கிற வீட்டில் ஆணி இல்லாமல் எப்படி?" என்று அவர் என்னைத்தான் வியப்பாகப் பார்த்தார். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் மட்டும் துளை போட வேண்டாம், சுவருக்குள் மின்கம்பிக் குழாய் அந்த நேர்கோட்டில்தான் ஏறி இறங்குகிறது என்றார். தடை விதித்தாலும் காரணத்தோடு விதிப்பார். காரணம் தெரிந்த தடையை மீற யாருக்கும் மனம் வராது. 'சுவரில் கை வைக்கக் கூடாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னவர்களின் வீட்டில்தான் நாள்காட்டிக்குப் பின்னால் ரகசியமாக நான்கு ஓட்டைகள் இருக்கும்.

மாற்றுச் சாவி விஷயத்தை நான் நண்பர்களிடம் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். ஒரு சாவி வீட்டுக்காரரிடம் இருப்பது அவசரத்துக்கு நல்லதுதான். அது அவரிடம் இருக்கிறது என்ற நினைப்புத்தான் குடியிருப்பவரை உறுத்தும். அந்த அம்மா சாவியை ஒரு காகித உறையில் போட்டு, எங்கள் கண்ணெதிரே ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக என்னையும் மனைவியையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் குடியிருந்தது அதே வீட்டின் மேல்தளத்தில். பன்னிரண்டு படி இறங்கினால் எங்கள் வாசல். இருந்தும் ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் முதல் நாளே தொலைபேசியில் கேட்பார். வந்தால் வாசலுக்கு வெளியே நின்று மணி அடிப்பார். உள்ளே வாருங்கள் என்று நாங்கள் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில், வாடகைக்குக் கொடுத்த இடத்தைக் குடியிருப்பவர் இடையூறில்லாமல் அனுபவிக்க விடுவது உரிமையாளரின் கடமை என்று நெடுங்காலமாகவே ஒரு கோட்பாடு இருக்கிறது. அந்த அம்மா அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. வாடகை வாங்குகிற நாள்வரை அந்த வாசற்படி தன்னுடையதில்லை என்பது அவருக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

அந்த உறை ஒரே ஒருமுறை பிரிக்கப்பட்டது. நாங்கள் வெளியூரில் இருந்தபோது எங்கள் பக்கத்திலிருந்து தண்ணீர் கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டுவரை வந்துவிட்டது. அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமலேயே உறையைக் கிழித்து, கதவைத் திறந்து, "இப்போது உள்ளே போகிறேன்… இப்போது வால்வை அடைத்துவிட்டேன்… கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை மேலே தூக்கி வைத்திருக்கிறேன், வேறு எதையும் தொடவில்லை" என்று நேர்முக வர்ணனைபோலச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் திரும்பி வந்த அன்று மாலையே புதிய உறையோடு கீழே வந்தார், மறுபடியும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த ஓதம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓதம் தெரிகிற இடம் ஒன்று, நீர் புகுகிற இடம் வேறொன்றாக இருக்கும். அதனால்தான் தெரிகிற இடத்தைச் சுரண்டிப் பூசுகிறவர்கள் தோற்றுப்போகிறார்கள். மூன்றாவதாக வந்த கொத்தனார் பொறுமைசாலி. முதலில் ஓர் இரவு முழுவதும் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி, தண்ணீர் மீட்டரில் படுக்கப்போகும் முன் இருந்த எண்ணையும் விடிந்தபின் இருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எண் நகரவில்லை, ஆகவே மீட்டரைத் தாண்டி வரும் குழாயில் கசிவு இல்லை. அடுத்து மேல்தளத்துக் குளியலறைத் தரையில் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி வைத்தார். மறுநாள் எங்கள் மூலையில் மெல்லிய சிவப்பு படர்ந்திருந்தது. மேலே தண்ணீர் வடிகிற துளையைச் சுற்றியிருந்த பூச்சு விட்டுப்போயிருந்தது, வேறொன்றும் இல்லை. எங்கள் சுவர் காய்வதற்காக அந்த அம்மா தன்னுடைய குளியலறைத் தரையை உடைத்தார். இரண்டு வாரம் அந்த வயதில் வெளிப்புறக் குளியலறைக்குப் படியிறங்கி வந்து போனார். நான் கூச்சத்தோடு நன்றி சொன்னபோது, "இதற்கெதற்கு நன்றி? ஓட்டை என் தரையில் இருக்கிறது, ஓதம் உங்கள் சுவரில் இருக்கிறது" என்றார். கோபமாகச் சொன்னாரா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அவரைக் கறாரானவர் என்று என் தங்கை சொல்வாள். அதற்கும் காரணம் உண்டு. எனக்கு வேலை போய் மூன்று மாதம் வருமானம் நின்றபோது, வாடகையைத் தள்ளித் தர அவகாசம் கேட்டேன். "முடிந்தபோது கொடுங்கள்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு தர முடியும் என்று என்னையே சொல்லவைத்து, தேதியும் தொகையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளச் செய்தார். அன்று எனக்கும் கொஞ்சம் உறுத்தியது, மறுக்கவில்லை. ஆனால் 'முடிந்தபோது' என்பது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்திருந்தால், படிக்கட்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். தாளில் எழுதிய தேதிக்கு எழுதிய தொகையைக் கொடுத்துவிட்டதால் மற்ற நாட்களில் நிமிர்ந்து நடந்தேன். கடன்பட்டவனின் மானத்தைக் காப்பாற்ற ஒரு தாள் போதும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

வாடகையை உயர்த்தவும் செய்தார், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுவார். எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு, எதனால் என்பது எழுத்தில் வரும். ஒருமுறை அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன். ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கொஞ்சம் குறைத்தார். இன்னொரு முறை குறைக்கவில்லை. குறைக்காத முறையும் எனக்கு வருத்தம் இல்லை, பேரம் பேசினால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991-இல் போதுமான குடியிருப்பு என்றால் என்ன என்று விளக்கியபோது ஏழு கூறுகளைச் சொன்னது. அவற்றுள் முதலாவதாக வைத்தது, கூரையையோ தண்ணீரையோ அல்ல, குடியிருக்கும் உரிமைக்கான சட்டப் பாதுகாப்பை. ஏன் என்பது வாடகைக்காரனுக்குச் சொல்லாமலே தெரியும். நாளைக்குப் போகச் சொல்வார்களோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறவன் செடி வைக்க மாட்டான். புத்தகங்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க மாட்டான். எங்கள் மகள் அந்த வீட்டின் கதவுநிலையில் தன் உயரத்தை ஆண்டுதோறும் பென்சிலால் கோடு போட்டு வந்தாள். யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

காலி செய்யும்போது முன்பணக் கணக்குத்தான் பலரது நல்ல உறவையும் கெடுப்பது. குடிபுகுந்த நாளில் இருவருமாக அறை அறையாகப் போய் எடுத்த படங்களை அவர் வைத்திருந்தார், நானும் வைத்திருந்தேன். வெயில் பட்டு வெளுத்த வண்ணத்தையும், நடந்து நடந்து தேய்ந்த வாசற்படியையும் அவர் பார்க்கவே இல்லை. காலத்தால் தேய்ந்தது வீட்டுக்காரர் கணக்கு, கையால் உடைந்தது குடியிருந்தவர் கணக்கு என்ற பிரிவில் அவருக்குக் குழப்பம் கிடையாது. கைகழுவும் தொட்டியில் விழுந்த விரிசலை நாங்களே காட்டினோம். மகள் கையிலிருந்து கனமான ஜாடி விழுந்ததால் வந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இது நீங்கள் வருவதற்கும் மூன்று வருடம் முந்தியது, எப்படியும் இன்னும் சில வருடத்தில் மாற்ற வேண்டியதுதான்" என்று சொல்லி, புதுத் தொட்டியின் விலையில் கால்பங்கை மட்டும் கழித்துக்கொண்டார். முழுவதையும் கழித்திருந்தாலும் பேசாமல் வந்திருப்போம். மீதி முழுவதும் சாவி கொடுத்த அன்றே கைக்கு வந்தது.

சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தபோதே அடுத்துக் குடிவர விரும்பிய ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்த அம்மா ஜன்னல் பக்கம் போகவில்லை. நேரே உள்ளறை மூலைக்குத்தான் அழைத்துப் போனார். சுவர் காய்ந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன, பார்த்தால் ஒரு தடயமும் தெரியாது. "இங்கே முன்பு ஓதம் இருந்தது. சரி செய்தாயிற்று. நான் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், இத்தனை வருடம் இருந்தவர்கள் இவர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்" என்று எங்களைக் காட்டினார். பிறகு, தான் நின்றால் நாங்கள் மனம்விட்டுப் பேச மாட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.