ஆண் குழந்தை மூன்று வயதில்தான் பேசுமா?

“ஆண் பிள்ளை மூன்று வயதில்தான் பேசும், டாக்டரிடம் ஓடாதீர்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஆண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் வருடக்கணக்கில் இருக்காது. 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் “பால் தா” மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால், ஆணோ பெண்ணோ, காட்டிவிடுங்கள். பேசிய சொற்கள் நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே.

முதலில் காதைச் சோதிப்பார்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்பீர்கள். சரி, ஆனால் “ஸ” போன்ற மெல்லிய ஒலி மட்டும் கேட்காமலும் இருக்கலாம்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது.