அப்பப்பாவின் பன்டத்துக்கு என்ன நிறம்?

அப்பப்பாவின் பீ.எஸ்.ஏ. பன்டம் மோட்டார் சைக்கிளைத் திருத்தும் வேலை, மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு வருடமாக நடக்கிறது. எஞ்சினைக் கழற்றிப் பூட்டியபோது எட்டிப் பார்க்காதவர்கள்கூட, நிறம் என்ற பேச்சு வந்ததும் ஆலோசனை சொல்லப் புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

கம்பனி நிறத்தைத் தவிர வேறெதுவும் பூசக்கூடாது என்பது ஒரு சாராரின் கருத்து. 1948இல் அறிமுகமான டீ-1 பன்டம் வெளிர்பச்சையாக, பெற்றோல் தாங்கியின் பக்கங்களில் தந்த நிறத்தோடு வந்தது. எங்கள் பதிவுப் புத்தகத்திலும் பச்சை என்றே இருக்கிறது. இவ்வளவு செலவழித்த பிறகு மினுங்குகிற கேண்டி நிறமாவது பூசாவிட்டால் எப்படி என்று மச்சான்மார் கேட்கிறார்கள்.

எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. மட்காட்டை வாட்டர் பேப்பரால் தேய்த்தபோது மேலே கறுப்பும், அதற்குக் கீழே நீலமும், அடியில் பச்சையும் தெரிந்தன. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் தென்னை விழுந்து நெளிந்த வண்டியை நிமிர்த்தி, தோணிக்கு வாங்கி மிஞ்சியிருந்த நீலப் பெயின்டை அப்பப்பா பிரஷ்ஷால் பூசினார் என்று அப்பா சொன்னார். இங்கிலாந்துத் தொழிற்சாலை கொடுத்த பச்சையைவிட, எங்கள் வாவிக்கரையில் அது வாங்கிக்கொண்ட அந்த நீலமே அதற்குரியது என்பது என் தீர்மானம்.

ஆனால் நீலம் என்று முடிவெடுப்பது வேலையின் கால்வாசிதான். முன்பு வேறொரு வண்டிக்குக் கேண்டி சிவப்பு அடித்துச் சூடுபட்டவன் நான். வெள்ளி நிறத்தின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தைப் பல தடவை அடித்து வருவிப்பது அந்த நிறம். ஒரு தடவை கூடினாலும் குறைந்தாலும் சாயல் மாறிவிடும். ஒரு விரல் நீளக் கீறலுக்காகத் தாங்கி முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஐந்து வருடம் கழித்து இதே மட்டக்களப்பில் ஒருவர் கலந்து தரக்கூடிய, மினுக்கம் கலக்காத நிறமா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

கைத்தொலைபேசியில் பார்த்தோ, கடையின் ரியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தோ நிறத்தை முடிவு செய்யாதீர்கள். காத்தான்குடியைச் சேர்ந்த பெயின்ட் அடிக்கும் நானா ஒருவர், ஒரே நீலத்தை, நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான சாம்பல் பிரைமரின் மேலும் வெள்ளைப் பிரைமரின் மேலும் இரண்டு தகரத் துண்டுகளில் மெல்லியதாக அடித்துத் தந்தார். காலையிலும் உச்சி வெயிலிலும் பொழுது சாயும் நேரத்திலும் அவற்றைப் பாலத்தடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சாம்பலின் மேல் அடித்தது மங்கிக் கிடந்தது, வெள்ளையின் மேல் அடித்தது நான் தேடிய தோணி நீலமாகவே தெரிந்தது. கடையில் நான் ஆசைப்பட்ட மற்றொரு நீலம் வெயிலில் பச்சை தட்டியது.

பன்டம் டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால், பெற்றோலும் ஒயிலும் கலந்தே தாங்கிக்குள் போகும், மூடியைச் சுற்றி வழியவும் செய்யும். பழைய லாக்கர் பெயின்ட் பெற்றோல் பட்டால் கரையும் என்பதால் பெயின்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் சேர்க்கும் டூகே வகையையே எடுத்தோம். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு என்பதையும், முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது என்பதையும் பெயின்ட் அடிக்கும் தம்பிமார் தயவுசெய்து கவனிக்க வேண்டும். மாரி மழைக் காலத்தில் அடிக்கவும் நானா சம்மதிக்கவில்லை. ஈரக் காற்றில் அடித்தால் பளபளப்பு மங்கிவிடும் என்றார். பங்குனி வரை காத்திருந்தோம்.

நிறம் மாற்றியதைப் பதிவுப் புத்தகத்திலும் திருத்த வேண்டும். அந்த அலைச்சல் இனித்தான். கலவையின் அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி, மிஞ்சிய கால் லீற்றரை இறுக மூடி, அப்பப்பாவின் கருவிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.