பீர் டப்பாவில் சூரியன்

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பதற்காகக் கடலூரில் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பழைய ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். தலை சீவி, பவுடர் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தும் ஆகிவிட்டது. ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தூக்கிய நேரம் பார்த்து அவருடைய அக்கா மகன் தோளில் ஒரு சாக்குப்பையோடு நுழைந்தான். பைக்குள் டப்பாக்கள் கலகலத்தன. அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். எனக்கும் எழுந்து போக மனம் வரவில்லை.

மாமா: வா மாப்பிள்ளை. இப்போதுதான் உங்கள் அம்மா போனில் அழுதுவிட்டு வைத்தாள்.

மாப்பிள்ளை: எதற்கு மாமா?

மாமா: மொட்டை மாடியில் நீ கட்டிவைத்த டப்பா எல்லாம் காக்காய் விரட்ட என்று ஆறு மாதமாக நம்பியிருக்கிறாள். நேற்று எதிர்வீட்டுப் பையன் வந்து, மேலே ஒட்டிய கறுப்பு டேப்பைக் கொஞ்சம் உரித்து, அது என்ன டப்பா என்று படித்துச் சொல்லிவிட்டான்.

மாப்பிள்ளை: மாமா, எல்லாம் காலி பீர் டப்பா. பாண்டிச்சேரியில் காயலான் கடையில் எடை போட்டு வாங்கியது. நான் தொட்டது டப்பாவை மட்டும்தான்.

மாமா: குடிகாரன்கூடக் குடித்துவிட்டு டப்பாவை வீசிவிடுவான். நீ கம்பி போட்டுக் கட்டி ஆறு மாதம் பாதுகாத்திருக்கிறாயே, இதை எதில் சேர்ப்பது? வரும் வழியில் சோதனைச்சாவடியில் ஒன்றும் கேட்கவில்லையா?

மாப்பிள்ளை: ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். முழு டப்பா கடத்துகிறவனைத்தான் பார்த்திருக்கிறோம், காலி டப்பா கடத்துகிறவன் நீதான் முதல் ஆள் என்று சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

மாமா: சரி, விஷயத்துக்கு வா.

மாப்பிள்ளை: பரணில் காலாவதியான புரோமைடு பேப்பர், அதுதான் பிரிண்ட் போடுகிற பேப்பர், ஒரு பாக்கெட் இருக்கிறதே, அது வேண்டும்.

மாமா: அதுவா? அது கெட்டுப்போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

மாப்பிள்ளை: அதனால்தான் கேட்கிறேன்.

(மாமா கேமராவை மேசைமேல் வைத்தார். என் போட்டோ அந்த நிமிஷத்தில் ஒத்திவைக்கப்பட்டது.)

மாப்பிள்ளை: சொல்கிறேன், கேளுங்கள். டப்பாவின் பக்கவாட்டில் ஊசியால் ஒரு பொட்டு ஓட்டை. உள்ளே இருட்டில் ஒரு பேப்பரை வளைத்துச் செருகிவிட்டு மேலே மூடி டேப் ஒட்ட வேண்டும். லென்ஸ் கிடையாது, பட்டன் கிடையாது, அதுதான் கேமரா. 2024 ஜூன் 21-ஆம் தேதி கட்டினேன். டிசம்பர் 21-ஆம் தேதி அவிழ்த்தேன்.

மாமா: எத்தனை படம் எடுத்தாய்?

மாப்பிள்ளை: ஒரு டப்பாவுக்கு ஒரு படம்.

மாமா: ஆறு மாதத்தில் ஒன்று. ஒரு முகூர்த்த நாளில் நான் இருநூறு எடுப்பேன். டெவலப்பர் எது போட்டாய்?

மாப்பிள்ளை: எதுவும் இல்லை. ஆறு மாத வெயிலில் பேப்பர் தானாகவே கறுத்துவிடும். வெளியே எடுத்த கையோடு ஸ்கேன் செய்து, நெகடிவ்வைக் கம்ப்யூட்டரில் மாற்றினால் தினம் தினம் சூரியன் போன பாதை கோடு கோடாக வரும். மேகம் மூடிய நாளில் அந்தக் கோடு விட்டுப்போயிருக்கும்.

மாமா: மேலும் கறுக்காமல் ஹைப்போவில் போட்டு நிறுத்த வேண்டாமா?

மாப்பிள்ளை: போட்டால் வெளுத்துவிடும் மாமா. போடாவிட்டால் வெளிச்சத்தில் கறுத்துக்கொண்டே போகும்.

மாமா: போட்டாலும் போச்சு, போடாவிட்டாலும் போச்சு. நல்ல தொழில். எங்கே, படத்தைக் காட்டு.

(போனை நீட்டினான். எட்டிப் பார்த்தேன். கீழே பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் பூனை மீசை மாதிரி சில கோடுகள். நடுவில் ஒன்றும் இல்லை.)

மாமா: இந்த மீசைதான் ஆறு மாதச் சூரியனா?

மாப்பிள்ளை: அதுதான் புரியவில்லை. பன்னிரண்டு டப்பாவில் மூன்று ஃபெஞ்சல் புயலில் பறந்துவிட்டன. ஆற்றங்கரை மரத்தில் கட்டிய ஒன்று தென்பெண்ணை வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விட்டது. மிச்சம் எட்டிலும் இதே கதை. இத்தனைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிறபடி எல்லாவற்றையும் சரியாகத் தெற்குப் பார்த்துத்தான் கட்டினேன்.

மாமா: யார் சொன்னது?

மாப்பிள்ளை: வீடியோவில் ஒரு போலந்துக்காரர்.

மாமா: போலந்தில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். கடலூரில் அப்படியா? உன் அம்மா ஆனி மாதம் வடகம் காயவைக்கும்போது உச்சி வேளையில் எந்தக் கைப்பிடிச்சுவரின் நிழல் மாடிமேல் விழுகிறது?

மாப்பிள்ளை: கவனித்ததில்லையே.

மாமா: வடக்குச் சுவர். ஒரு சாண் விழும். அப்படியென்றால் சூரியன் எந்தப் பக்கம்?

மாப்பிள்ளை: வடக்கே... அடடா.

மாமா: ஆகஸ்ட் மூன்றாவது வாரம் தாண்டித்தான் அது உச்சிக்குத் தெற்கே வரும். வந்த பிறகும் நம் ஊரில் எவ்வளவு உயரத்தில் போகிறது பார். நட்டமாக நிற்கிற டப்பாவின் மண்டைக்கு மேலேயே போய்விடும். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்திருக்கிறது, அதுதான் இந்த மீசை.

மாப்பிள்ளை: இதை நீங்கள் ஜூன் மாதமே சொல்லியிருக்கலாமே!

மாமா: நானும் காக்காய் விரட்ட என்றுதானே நினைத்தேன்? அடுத்த தடவை கிழக்கே பார்த்துக் கட்டு. தேவனாம்பட்டினத்தில் கடல் பக்கம் பார்த்து வை. ஜூனில் இடது பக்கம் முளைக்கிற சூரியன் நகர்ந்து நகர்ந்து டிசம்பரில் வலது பக்கம் வந்துவிடும். அத்தனையும் உனக்குக் கோடுதான்.

(பையன் வாயைப் பிளந்தான். நானும்தான். பவுடர் மட்டும் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.)

மாமா: சரி, உன் அப்பா வேட்டி விவகாரம் என்ன? அக்கா அழுததில் பாதி அதற்காகத்தான்.

மாப்பிள்ளை: அது சயனோடைப் மாமா. இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் துணியில் பூச வேண்டும். காய்ந்ததும் மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி வெயிலில் வைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் அலசினால் போதும். துணி அடர்நீலம், கீரை வெள்ளை. நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கை நனைத்தீர்களே ஹைப்போ, அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819-ல் கண்டுபிடித்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல்தான் 1842-ல் இதையும் கண்டுபிடித்தார்.

மாமா: பெரிய மனுஷர். அவர் யார் வேட்டியில் செய்தாராம்?

மாப்பிள்ளை: நான் பழைய வேட்டி என்று நினைத்தேன். அப்பா அதைக் கல்யாணத்துக்கு என்று மடித்து வைத்திருந்தாராம். ஆனால் பிரமாதமாக வந்தது மாமா, ஒவ்வொரு இலையும் தனித்தனியாக. அம்மா கறை என்று நினைத்து ராத்திரியே சலவைச் சோடாவில் ஊறப்போட்டுவிட்டாள். நீலத்துக்குச் சோடா ஆகாது. காலையில் பார்த்தால் முழுக்கப் பழுப்பு மஞ்சள்.

மாமா: வீட்டில் சலவைச் சோடா ஏது? உங்கள் அம்மா பவுடர் போட்டல்லவா துவைப்பாள்?

மாப்பிள்ளை: அதுவும் நான் வாங்கி வைத்ததுதான். இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மூன்றையும் கலக்கினால் பிலிம் டெவலப் ஆகும். 1995-ல் அமெரிக்காவில் ராசெஸ்டர் கல்லூரி ஒன்றில் ஒரு வகுப்பிலேயே காபித்தூளை வைத்துச் செய்து பார்த்தார்கள், வைட்டமின் சி பிற்பாடு சேர்ந்தது. காபித்தூள் எவ்வளவு மட்டமோ அவ்வளவு நல்லது.

மாமா: ஒரு படத்தை வரவழைக்க வாங்கிய சோடா, இன்னொரு படத்தை அழித்துவிட்டது. வாசனை எப்படி?

மாப்பிள்ளை: அப்பா அடுப்படி வரைக்கும் வந்து, யாருக்குக் காபி என்று கேட்டார். ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, இனிமேல் டீயே போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமா: ஒழுங்காக ஆளைப் பார்த்து ஒரு படம்கூட எடுக்கவில்லையா நீ?

மாப்பிள்ளை: எடுத்தேனே. பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட், காந்தி வீதி. ஓட்டை டப்பாதான், பத்து நிமிஷம் திறந்து வைத்தேன். இதோ.

மாமா: ஒரு ஆள் இல்லையே! ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

மாப்பிள்ளை: அசைகிற எதுவும் பதியாது மாமா. 1838-ல் போட்டோக் கலையின் முன்னோடி தாகேர் பாரிஸ் தெருவை எடுத்தபோதும் வண்டி, கூட்டம் எல்லாம் மறைந்துவிட்டது. ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலைக் கொடுத்து நின்ற ஆள் ஒருவர்தான் தெளிவாகப் பதிந்தார். இதிலும் ஒருவர் இருக்கிறார், ஓரத்தில் பாருங்கள்.

மாமா: யார் இது, தூண் மாதிரி?

மாப்பிள்ளை: சட்டைக்கு விலை பேசியவர். பத்து நிமிஷமும் இருநூறிலிருந்து இறங்கவே இல்லை.

(மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். குரல் இறங்கித்தான் வந்தது.)

மாமா: மாப்பிள்ளை, ஆடிப்போனது, வெளிச்சம் புகுந்தது, கெட்டுப்போன பேப்பர், ஆளே விழாத படம்... இதையெல்லாம் நான் தப்பு என்று முப்பது வருஷமாகக் குப்பையில் போட்டேன். நீ பிரேம் போடுகிறாய்.

மாப்பிள்ளை: ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

மாமா: ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே. பண்ருட்டியில் ஒரு கல்யாணம். அவசரத்தில், ஏற்கெனவே எடுத்து முடித்த ரோலையே மறுபடி மாட்டிவிட்டேன். சுற்றும்போது பிலிம் நுனி முழுதாக உள்ளே போகாமல் வெளியே நின்றதால் புது ரோல் என்று நினைத்துவிட்டேன். அதில் முதலில் இருந்தது ஒரு காதுகுத்து. கழுவிப் பார்த்தால், கல்யாண மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், அவர் மடியில் மொட்டைத் தலைக் குழந்தை ஒன்று வாயைத் திறந்து அழுகிறது.

மாப்பிள்ளை: மாமா!

மாமா: பெண் வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, யார் குழந்தை இது? அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, மண்டபத்தில் மறுபடி மாலை போட்டு நிற்கவைத்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருஷம் பலாப்பழம் வாங்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

மாப்பிள்ளை: அது டபுள் எக்ஸ்போஷர் மாமா! வேண்டுமென்றே எடுத்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது. எங்கே அந்தப் படம்?

(மாமா என் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கல்லாப் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிரிண்டை எடுத்தார். அவர் சொன்னது எல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்று: பின்னால் நிற்கிற நாதஸ்வரக்காரரின் தலையில் ஒரு ஆடு நிற்கிறது.)

மாப்பிள்ளை: இது எனக்கு வேண்டும்.

மாமா: பேப்பர் பாக்கெட்டை எடுத்துக்கொள். இது கிடையாது. (கொஞ்ச நேரம் கழித்து) இந்த மாதிரிப் படம் பாண்டிச்சேரியில் கண்காட்சியில் மாட்டினால் என்ன விலைக்குப் போகும்?

அப்போதுதான் நான் இருமினேன். இரண்டு பேரும் திரும்பினார்கள்.

மாமா: அய்யோ, மன்னிக்க வேண்டும் சார். மாப்பிள்ளை, நான் பரணில் ஏறுகிறேன், நீ சாருக்கு எடுத்துவிடு. வெள்ளை பேக்கிரவுண்டு, எட்டு காப்பி.

மாப்பிள்ளை: சார், முகவாயைக் கொஞ்சம் இறக்குங்கள். அப்படியே அசையாமல் இருங்கள்.

மாமா (ஏணியிலிருந்து): எவ்வளவு நேரம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள் சார்!