மைக்கில் வாசித்தது சித்தப்பாவின் பெயர் அல்ல

போன ஞாயிற்றுக்கிழமை விழாவில் சித்திக்குப் பொன்னாடை போட்ட படத்தையும், பட்டாளத்தில் இறந்த சித்தப்பாவின் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை என்று கோபத்தில் நான் எழுதிய நான்கு வரியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். "இதற்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று நேரிலும் தொலைபேசியிலும் கேட்டுவிட்டார்கள். ஆமாம், இதற்குப் போய்த்தான். அவசரத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

உயிர்நீத்த ராணுவத்தினர், காவலர்களின் குடும்பங்களைக் கௌரவிக்கும் விழா என்றுதான் அழைப்பிதழில் இருந்தது. காலை பத்து மணிக்கு. சித்தி ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அதை விடுகிறேன். பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டவருக்குக் காத்திருப்பது புதிதல்ல.

அதன் பிறகு பெயர் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் எழுந்து மேடைக்குப் போனது. ஒரு பெயருக்கு மட்டும் யாரும் எழவில்லை. இரண்டாவது முறையும் வாசித்துப் பார்த்துவிட்டு, "வரவில்லை போலிருக்கிறது, அடுத்தது" என்று மைக்கிலேயே சொல்லித் தாண்டிப் போய்விட்டார்கள். நான் அப்போது சித்திக்குத் தண்ணீர் வாங்க வெளியே போயிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் அங்கே இருந்திருக்க வேண்டும். அது இன்றுவரை உறுத்துகிறது.

அது சித்தப்பாவுக்கான அழைப்பு. ஆனால் வாசித்தது அவருடைய அப்பாவின் பெயரை.

எப்படி நடந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. நமக்கு இனிஷியல் ஓர் எழுத்து. பட்டாளத்துக் காகிதங்களில் அந்த எழுத்து விரிந்து தகப்பன் பெயராகி, மகன் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். எது யார் பெயர் என்று கேட்காமல் பட்டியல் எழுதினால் செத்துப்போன சிப்பாய்க்குப் பதிலாக அவனைப் பெற்றவரைத்தான் கூப்பிட நேரும். அழைப்பிதழ் கொடுக்க வீட்டுக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம். அதன் கீழே பெயர். தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் போதும்.

சித்திக்கு அது மாமனார் பெயர் என்று தெரியும். ஆனால் மாமனார் கடலை பயிரிட்டவர், ஊர் எல்லையைத் தாண்டாதவர். அவரை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள், அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். பட்டியல் முடிந்த பிறகுதான் தயங்கித் தயங்கி மேடைப் படி வரை போயிருக்கிறார். நான் உள்ளே வந்தது அப்போதுதான்.

"உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டார்கள்.

சித்தி கணவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து இல்லை, அவர் போன பிறகும் இல்லை. பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்து, பெயருக்கு நேராக ஆள்காட்டி விரலை வைத்துக் காட்டினார். விரல் நடுங்கியது. "சரி சரி, சீக்கிரம் வாருங்கள், ஐயா கிளம்புகிறார்" என்றார்கள். பாதிப் படியிலேயே நிறுத்திப் பொன்னாடை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் சித்தி கேமராவைப் பார்க்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மைக் வைத்திருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போதாவது பெயரைச் சொல்வார் என்று.

சொல்லவில்லை. விழா முடியும்வரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

"ஏதோ நல்ல மனதோடு நடத்துகிறார்கள், அதிலும் குறை கண்டுபிடித்தால் அடுத்த ஆண்டு யார் நடத்துவார்கள்?" என்கிறார் ஒரு நண்பர். நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். பந்தல் போடவும் சாப்பாடு போடவும் பணம் வேண்டும், ஆள் வேண்டும். ஆனால் பந்தல் வாடகைக்காரர் பெயர் பதாகையில் பிழையில்லாமல் இருந்தது. நன்கொடையாளர்கள் பெயர்கள் பட்டப்படிப்போடு இருந்தன. சிறப்பு விருந்தினர் பெயருக்கு முன்னால் ஆறு அடைமொழி, ஒன்றுகூடத் தவறவில்லை. பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். யார் பெயர் முக்கியம் என்பதில்தான் கோளாறு.

என் அப்பா ஏட்டாக ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் துப்பாக்கிச் சூட்டில் ரோந்து போன பத்துக் காவலர்கள் இறந்தார்கள். அப்போது அந்த எல்லையில் நின்றது போலீஸ்தான். அந்த நாளைத்தான் நாடு முழுவதும் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கிறோம். அப்பா இருந்த மாவட்டத்தில் ஆயுதப்படை மைதானத்தில், அந்த ஓராண்டில் பணியில் இறந்தவர்கள் பெயர்களை மாநிலம் மாநிலமாக வாசிப்பார்கள். முடிய வெகுநேரம் ஆகும். ஒரு முறை வாசிக்க வேண்டிய அதிகாரி முந்தின நாள் மாலையே பட்டியலை வாங்கிக்கொண்டு போய், மணிப்பூர், நாகாலாந்துப் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தக் குடும்பங்கள் எதுவும் அந்த மைதானத்தில் இல்லை. தப்பாகச் சொன்னாலும் கேட்க ஆளில்லை. அப்படியும் பழகினார். அப்பா இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று கணக்கே இல்லை.

"சம்பளம் வாங்கிக்கொண்டுதானே செய்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, 2021 நவம்பரில் நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் இரவு ரோந்தில் ஆடு திருடர்களை இருசக்கர வாகனத்தில் துரத்திப் போய் வெட்டுப்பட்டு இறந்தார். யாரோ ஓர் ஏழையின் ஆடு. துரத்தாமல் திரும்பியிருந்தாலும் அதே சம்பளம்தான் வந்திருக்கும். 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனுக்கும் அதே கணக்குதான். உங்களுக்கு வேறு பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்து, "அப்படியானால் சாத்தான்குளம்?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், போலீஸ்காரர் மகன் எதை எழுதினாலும் வரும். 2020 ஜூனில் அங்கே போலீஸ் காவலில் தகப்பனும் மகனும் அடிபட்டு இறந்ததை நான் ஒரு நாளும் நியாயப்படுத்தியதில்லை. அந்தச் செய்தி வந்த இரவு அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். முப்பத்து மூன்று வருடம் போட்ட சட்டையை யாரோ அழுக்காக்கிவிட்டார்கள் என்றார். அதைச் செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று நானும் எழுதினேன், தேடினால் இங்கேயே கிடைக்கும். ஆனால் அதைக் காட்டி, வெயிலில் நின்றே காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட மனிதருக்கும் சேர்த்து வணக்கம் கிடையாது என்கிறீர்களே, அது எனக்கு வலிக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பந்தோபஸ்துக்கு நிறுத்துவார்கள். வண்டிகள் கடந்து போக அரை நிமிடம். கலைந்து போகச் சொல்ல மதியம் ஆகும். முதல்வர் செல்லும் சாலையோரங்களில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்ததே 2021-இல்தான். அதற்கு முன் அந்தப் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் என்ன பாடுபட்டார்கள் என்று வீட்டில் காவலர் இருப்பவர்களைக் கேளுங்கள்.

விவசாயியும் துப்புரவுப் பணியாளரும் சாகவில்லையா என்கிறார்கள். சாகிறார்கள். அவர்கள் பெயரையும் சரியாகச் சொல்லுங்கள். நானா வேண்டாம் என்றேன்?

ஆளாளுக்கு மேடையில் "தியாகி" என்கிறோம். அப்படி ஒரு சொல்லே ராணுவ, போலீஸ் ஆவணங்களில் கிடையாது என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. சண்டையில் இறந்தவர், பணியில் இறந்தவர் என்றுதான் எழுதுவார்கள். சித்தப்பாவைக் குண்டு கொல்லவில்லை, சியாச்சின் பனி கொன்றது. 1984-இலிருந்து அங்கே நிற்கிறோம். தோட்டாவை விடப் பனியும் குளிரும்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. "எதிரியோடு சண்டை போட்டா போனார்?" என்று துக்கத்துக்கு வந்த ஒருவரே கேட்டார். சித்தி அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் அலுவலக வேலையாக டெல்லி போனபோது இந்தியா கேட் அருகே இருக்கும் தேசியப் போர் நினைவகத்துக்குப் போனேன். 2019-இல் திறந்தது. சுற்றுச் சுவர்களில் கிரானைட்டில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கல் வெயிலில் சுட்டது. விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆயிரக்கணக்கில் வெட்டிய கல்லில் சரியாக இருந்தது, இருபது பெயர் எழுதிய ஒற்றைத் தாளில் தப்பாகப் போனது. அந்தக் கல்லின் படம்தான் இன்றும் சித்தியின் தொலைபேசியைத் திறந்தால் முதலில் வரும்.

விழா முடிந்து பஸ்ஸில் வரும்போது நான் பொரிந்து தள்ளிக்கொண்டே வந்தேன். அமைப்பாளர்களை விடப் போவதில்லை என்றேன். சித்தி பொன்னாடையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். எங்கள் நிறுத்தம் வர இரண்டு நிறுத்தம் இருக்கும்போது சொன்னார்:

"விடுப்பா. மகன் செய்தி வந்து நாற்பதாவது நாள் மாமாவும் போய்விட்டார். அவர் பெயரை இதுவரை யார் மைக்கில் சொன்னார்கள்? இன்றைக்கு இரண்டு தடவை சொன்னார்கள்."

சித்தி விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை. அமைப்பாளர்களுக்கு நேற்று கடிதம் எழுதிவிட்டேன். சித்தப்பாவின் பெயரை இனிஷியலோடு, தமிழில், பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.