“அதே சாமான்தானே” என்று சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை திருகோணமலையில் நம் கழகம் நடத்திய 304 சீட்டாட்டப் போட்டியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மண்டபத்தில் இருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் அன்றிரவே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகையால் அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை, யாருடைய பெயரையும் எழுதப் போவதுமில்லை. ஆட்டத்தில் வென்றதையும் தோற்றதையும் எண்ண நான் கொடுத்திருந்த களிமண் வில்லைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் கொட்டி மேசைக்குக் கீழே தள்ளியவர்கள் நான் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “ஐயா, இதுக்குப் போய் ஏன் கோவிக்கிறீங்க, புதுசு வாங்கி வச்சிருக்கிறம், அதே சாமான்தானே” என்று வந்த பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இன்று நான்காவது நாள். அந்தச் சொல்லுக்கு விடை எழுதாமல் எனக்கு உறக்கம் வராது.

அது அதே சாமான் இல்லை.

மேசையில் புதிதாக வைக்கப்பட்டிருந்தவை பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்தவை. நடுவில் ஓர் உலோகத் தகட்டை வைத்து அதைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுகிறார்கள். அந்தத் தகட்டால்தான் ஒவ்வொன்றும் 11.5 கிராம் கனக்கிறது. பெட்டியில் “களிமண் கலவை” என்று அச்சடித்து விற்கிறார்கள், வாங்குபவரும் நம்பிவிடுகிறார். என்னுடையவை ஒன்பது கிராம் அளவில்தான் இருக்கும். கனம் குறைந்தது மலிவானது என்று அன்று ஒருவர் எல்லாருக்கும் முன்னால் கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னார். உலோகத் தகட்டின் பாரத்தைத் தரம் என்று எண்ணுபவருக்கு அந்தச் சத்தத்துக்குள் நான் எதை விளக்கியிருக்க முடியும்?

நான் கொழும்பை அடுத்த இரத்மலானையில் ஒரு றப்பர் அச்சுப் பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் பிட்டராக (இயந்திரம் பொருத்துபவராக) வேலை செய்தவன். சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு பொருள் உருவாவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. களிமண் வில்லை என்று பெயர் இருந்தாலும் அது நம் குயவர் சூளையில் சுடும் சட்டியைப் போன்றதன்று; வெறும் மண்ணைச் சுட்டு வில்லை செய்தால் இரண்டு நாள் ஆட்டத்தில் உடைந்துவிடும். களிமண், சுண்ணாம்பு போன்ற கனிமப் பொடிகளைப் பிசினோடும் நிறத்தோடும் கலந்து தகடாக்கி, அதிலிருந்து வட்டங்களை வெட்டி எடுக்கிறார்கள். விளிம்பில் வேறு நிறம் வேண்டுமென்றால் அந்த இடத்தை வெட்டி நீக்கிவிட்டு, அதே அளவில் வெட்டிய மற்ற நிறத் துண்டைக் கையால் பொருத்துகிறார்கள். வில்லையின் இரு முகங்களிலும் நடுவில் படம் அச்சிட்ட தாளை வைத்து, அச்சுக்குள் மூடி, சூடாக்கி, அமுக்கி, ஆறவிட்டு எடுத்தபின் பிதுங்கிய விளிம்பைச் சீவுகிறார்கள். ஒரு வில்லையில் நான்கு நிறத்துண்டுகள் என்றால் ஒருவருடைய விரல்கள் நான்கு தடவை அதற்குள் வேலை செய்திருக்கின்றன. இருநூறு வில்லைகளுக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாளியில் கொட்டியபோது சீமெந்துத் தரையில் விழுந்து ஒன்றின் விளிம்பு பெயர்ந்திருக்கிறது. அது இப்போது என் முன்னால் மேசையில் கிடக்கிறது. கடும்பச்சை வில்லை, மஞ்சள் துண்டு இருந்த இடத்தில்தான் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்துள்ளது. பெயர்ந்த இடத்திலும் மஞ்சள் மஞ்சளாகவே உள்ளே போகிறது. மேலே பூசிய நிறமாக இருந்தால் உள்ளே வேறு எதுவோ தெரிந்திருக்கும். மேற்பரப்பில் கீறிக் கீறிப் போட்டது போன்ற நுண்ணிய வலைக்கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. அதனால்தான் இருபதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் வழுக்கிச் சரிவதில்லை. இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் பிளாஸ்டிக்கின் கிண்ணென்ற ஓசை வராது. காய்ந்த புளியங்கொட்டைகளை உள்ளங்கையில் குலுக்குவது போன்ற அடங்கிய ஓசைதான் வரும்.

புளியங்கொட்டை என்று எழுதியதும் அப்பாவின் நினைவு வருகிறது. அப்பா சீனக்குடாவில் வேலை செய்த காலத்தில் ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் 304 நடக்கும். ஒரு பக்கத்தாருக்குப் புளியங்கொட்டை, மற்றப் பக்கத்தாருக்கு மஞ்சாடி. இரண்டும் ஒரு பழைய தயிர்ச்சட்டிக்குள் கிடக்கும். துரும்பு வெளிப்பட்டது எப்போது, கம்மாரிஸ் (எல்லாப் பிடியும் எங்களுக்கே என்ற அறிவிப்பு) சொன்னது யார் என்று சண்டை வந்தால் அப்பா கொட்டைகளை எண்ணிக் காட்டித்தான் தீர்ப்பார். அங்கே ஆடிய நால்வரில் ஒருவர் வணிகக் கப்பலில் வேலை செய்தவர். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரேயொரு வில்லையைத் தந்தார். செம்மண் நிறத்தில் இரண்டு வெள்ளைத் துண்டுகள். எந்தத் துறைமுகத்தில் எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். 1990 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அதுவும் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பொருளை எனக்கென்று செய்விக்கலாம் என்று தெரியவந்தபோது என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, “அதே சாமான்” என்று சொன்ன பிள்ளைகள் அறிந்திருக்க முடியாது. அறிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது என் பிழையாக இருக்கலாம்.

2021 இறுதியில் அமெரிக்காவில் உள்ள ஒரு சிறு பட்டறைக்கு இருநூறு வில்லைகளுக்குச் சொன்னேன். ஒன்றுக்கு இரண்டு டொலர், மொத்தம் நானூறு டொலர். ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன்தான் ஏற்பாடு செய்தார். முதற்பாதியைக் கட்டியபோது டொலர் இருநூறு ரூபாய், நாற்பதாயிரம் போயிற்று. மீதியைக் கட்ட வேண்டிய நேரம் 2022 நடுப்பகுதி. டொலர் முந்நூற்று அறுபதாகியிருந்தது. அதே இருநூறு டொலருக்கு எழுபத்திரண்டாயிரம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மாதங்கள் அவை. “இந்த நேரத்தில இது தேவையாங்க?” என்று என் மனைவி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனாலும் கட்டினேன். இருநூறு வில்லைக்காகத் தகடு வெட்டி, நிறம் கலந்து வைத்த ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வாறான பட்டறைக்கு ஒரு கட்டளை கைநழுவுவது எவ்வளவு பெரிய அடி என்று இரத்மலானையில் நான் கண்ணால் கண்டவன்.

வில்லையின் நடுவில் நம் ஊர்ப் பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமானின் படத்தைப் போட்டேன். கோணேசர் கோவிலைப் போட்டிருக்கலாமே என்று அப்போது சிலர் சொன்னார்கள். கையில் உருட்டி விளையாடும் பொருளில் சுவாமியைக் கொண்டுவந்து வைக்க என் மனம் ஒப்பவில்லை. இந்த அளவுக்கு யோசித்துத்தான் அவை செய்யப்பட்டன. கழகத்தின் போட்டிக்கு நானாகவே கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை.

இப்போது இந்த வில்லைகளைச் செய்யும் தொழிலின் நிலைக்கு வருகிறேன், ஏனென்றால் அன்று இன்னொருவர் “அந்தக் கம்பனி மூடினா மூடட்டும், வேற ஒண்டு வரும்” என்றும் சொன்னார். வராது. இந்தத் துறையில் பெரியது என்று சொல்லத்தக்க போல்சன் 1963 இல் லாஸ் வேகாஸில் தொடங்கியது. பின்னர் உற்பத்தி மெக்சிகோவின் சான் லூயிஸ் ரியோ கொலராடோவுக்குப் போயிற்று. 2002 இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு இணைந்தது. 2019 இல் ஜப்பானிய நிறுவனமொன்று முழுவதையும் வாங்கியது. அவர்கள் செய்வது முக்கியமாகக் கசினோக்களுக்குத்தான். கசினோக்களின் தேவையும் மாறிவிட்டது. 2005 இல் லாஸ் வேகாஸில் திறந்த வின் கசினோ, உள்ளே வானொலி அலையால் அடையாளம் காட்டும் மின்னணுச் சில்லு (RFID) வைத்த வில்லைகளோடுதான் திறந்தது. அவர்களுக்கு வேண்டியது ஒவ்வொரு வில்லையும் எங்கே இருக்கிறது என்ற கணக்கு. வீட்டில் ஆடுபவருக்கு மலிவாக வேண்டுமென்றால் 1980களில் வந்த, படம் முழுவதையும் அச்சிடக்கூடிய “செராமிக்” வில்லைகள் இருக்கின்றன. அவையும் உண்மையில் பிளாஸ்டிக்தான். இந்த இரண்டுக்கும் நடுவில், நூறு வேண்டும் இருநூறு வேண்டும் என்று கேட்பவருக்கு அவர் கேட்ட நிறத்தில், அவர் கேட்ட படத்தோடு அமுக்கிக் கொடுக்கும் சிறு பட்டறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலத்தில் இந்தத் தொழில் நீண்ட காலமாக நடந்துவந்தது எப்படி என்றால், ஒரு கம்பனி கைவிடும்போது அதன் பழைய அச்சுகளையும் இயந்திரங்களையும் அடுத்தவர் வாங்கி ஓட்டியதால்தான். புதிதாக ஒருவர் அச்சுக் குடைந்து, இயந்திரம் செய்து, கலவையின் அளவைத் தேடிப் பிடித்து இதற்குள் இறங்குவதற்கு இலாபம் காணாது. சூடு கொஞ்சம் குறைந்தால் துண்டுகள் ஒட்டாது; கூடினால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். எந்த நிறக் கலவை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது செய்கிறவரின் கைக்குத்தான் தெரியும், அதைத் தாளில் எழுதி வைத்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் பட்டறையில் பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு குறிப்பிட்ட வளையத்தைச் சரியாக எடுக்க எங்களுக்குப் பல மாதங்கள் பிடித்தன. அச்சு அதேதான், இயந்திரமும் அதேதான். வாங்கி ஓட்ட அடுத்தவர் முன்வராத நாளில் அச்சுகள் பழைய இரும்புக்குப் போகும். அதன்பின் எத்தனை டொலர் கொடுத்தாலும் பச்சைக்குள் மஞ்சள் ஓடும் வில்லை ஒன்று கிடைக்காது. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், அது அதே சாமான் இல்லை.

இது சூதாட்டப் பொருள், இதற்கு இவ்வளவு வக்காலத்தா என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். ஒருவர் என் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டுவிட்டார். சூதால் அழிந்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். என் நெருங்கிய உறவில் ஒருவர் காணியை விற்றார், அவருடைய பிள்ளைகளின் படிப்புச் செலவில் ஒரு பங்கை நான்தான் கொடுத்தேன். எங்கள் மேசையில் ஒரு நாளும் ஒரு ரூபாய் வைத்து ஆடியதில்லை. அப்பாவின் புளியங்கொட்டை செய்த வேலையைத்தான் இந்த வில்லை செய்கிறது. சீட்டுக்கட்டின் நான்கு இனங்களிலும் உள்ள புள்ளிகளைக் கூட்டினால் 304. அதற்குள் இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்டு, வென்றதையும் தோற்றதையும் எண்ணி வைக்க ஏதோ ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் வில்லைகளை வாங்கி மேசையில் பரப்பியபோது யாருக்கும் சூது நினைவுக்கு வரவில்லையே! என்னுடையதைக் கண்டதும் மட்டும் வந்துவிட்டது. அறுபத்து நான்கு வயதில், பிறந்து வளர்ந்த ஊரில், சூதாடி என்ற பெயரைக் கேட்க நான் ஒன்றும் செய்யவில்லை.

பழைய வில்லைகளில் ஈயம் கலந்திருந்தது, அது நஞ்சு என்று ஒருவர் கைப்பேசியில் தேடிக் காட்டினார். முன்னைய காலத்துச் சிலவற்றில் கனத்துக்காகச் சேர்த்தது உண்மை. நான் செய்வித்தவற்றில் ஈயம் இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன், வேண்டியவர் வந்து பார்க்கலாம்.

அமெரிக்காக்காரனின் தொழிலைப் பற்றித் திருகோணமலையில் இருந்துகொண்டு எதற்குக் கவலை என்ற கேள்வி என்னைக் கூடுதலாக வருத்தியது. மூதூர்ப் பக்கத்திலிருந்து மண்சட்டியில் வந்த எருமைத் தயிர், பிளாஸ்டிக் கோப்பையில் வரத் தொடங்கியபோதும் இதே ஊர் “அதே தயிர்தானே” என்றுதான் சொல்லிற்று. சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் தயிர் இறுகும், கோப்பையில் நீர்விட்டுக் கிடக்கும். நாக்குள்ள எவருக்கும் தெரிந்த வேறுபாடு அது. அம்மாவுக்குச் சட்டி கொண்டுவந்து கொடுத்த ஆச்சியின் வீட்டில் இன்று குயவர் சக்கரம் இல்லை. அவருடைய பேரன் கட்டாரில் இருக்கிறார், நல்லாயிருக்கிறார், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆச்சி கடைசியாகக் கொண்டுவந்த சட்டிகளை நாங்கள் வாங்கவில்லை. வீட்டில் அலுமினியம் இருந்தது. அவர் கடகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி நடந்தபோது நான் விறாந்தையில் நின்றேன், கூப்பிடவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூப்பிட்டிருக்கலாம்.

அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது தெரிகிறது, இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு வர வேண்டாம். போட்டியை அடுத்த ஆண்டும் நடத்துங்கள், உங்கள் பிளாஸ்டிக்கையே வைத்து நடத்துங்கள், நான் வந்து ஆடுவேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். வாளியிலிருந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து எண்ணினேன். இருநூறில் நூற்றுத் தொண்ணூற்றேழுதான் இருக்கின்றன. இரண்டு பச்சை, ஒரு செம்மண் நிறம் குறைகின்றன. மூன்றுக்காக எந்தப் பட்டறையும் நிறம் கலக்காது; கலந்தாலும் இந்தப் பச்சையும் அந்தப் பச்சையும் ஒன்றாக இருக்காது. யாராவது பிள்ளைக்கு விளையாடக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, என்னிடம் காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டுப் படலையில் ஒரு தயிர்ச்சட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். இரவில் வந்து போட்டுவிட்டுப் போனாலும் சரி.