4கே என்று போட்டுவிட்டால் போதுமா?

லேப்டாப்பை மானிட்டர், மவுஸோடு இணைக்கும் டாக் என்ற கருவியின் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் '4கே' என்று போட்டிருக்கிறார்கள். மானிட்டரை மாட்டினால் படமும் வருகிறது. ஆனால் மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்கிறது, பக்கத்தை உருட்டினால் எழுத்தெல்லாம் இழுபடுகிறது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 படம். 60 என்ற தேர்வே அங்கே இல்லை.

டாக்கில் படம் அனுப்ப இருப்பது எச்டிஎம்ஐ இணைப்பின் 1.4 பதிப்பு. 4கே படத்தை, அதாவது 3840 × 2160 புள்ளிகளை, அது நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும். அது வந்தது 2013-இல்! இன்னுமா பழையதை வைத்து விற்பது?

சரி, டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு பட இணைப்பில் மாட்டலாம் என்றால் அங்கேயும் வம்பு. டாக்கை லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி-சி கேபிளில் தரவு போகும் வேகத் தடங்கள் நான்கு. பென்டிரைவ் போன்றவற்றுக்கான யூஎஸ்பி 3-க்கு இரண்டை ஒதுக்கிவிட்டால் படத்துக்கு மிச்சம் இரண்டுதான். லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் மறுபடியும் அதே 30.

இதில் ஒரு வரிகூடப் பெட்டியில் கிடையாது. '4கே' பக்கத்தில் '30 ஹெர்ட்ஸ்' என்று அச்சடிக்க எவ்வளவு இடம் பிடிக்கும்? நாளெல்லாம் திரையில் எழுத்து படிக்கிறவர்களுக்குக் கண் எரிகிறது. கடையில் கேட்டால், "கேபிளை மாத்திப் பாருங்க சார்" என்கிறார்கள். எந்தக் கேபிளை மாற்றினாலும் டாக்குக்குள் இருக்கும் சிப் மாறுமா?