கூகுள் மேப்பில் தெரிந்தால் காட்டுச் சாலை திறந்திருக்கிறதா?

"கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக் காட்டுச் சாலைகள் அரசுச் சாலைகள், குளிர்காலம் முழுக்கப் பனி அகற்றுவார்கள், மேப்பில் தெரிந்தால் தாராளமாகப் போகலாம்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பனி அகற்றுவார்கள், தாராளமாகப் போகலாம் என்பது தவறு.

இவை முக்கியமாக மரம் ஏற்றிச் செல்லப் போட்ட சாலைகள். வெட்டுவேலை நடக்கும் தடத்தில் பெரும்பாலும் அந்த நிறுவனம்தான் பனியை ஒதுக்கும். வேலை முடிந்தால் அதுவும் நின்றுவிடும். ஒதுக்கிய சாலையிலும் நிம்மதி இல்லை, எதிரே மரலாரி வரும். ஓட்டுநர்கள் இருவழி ரேடியோவில் தாங்கள் இருக்கும் இடத்தின் கிலோமீட்டர் எண்ணைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ரேடியோ இல்லாமல் நடப்பவருக்கும் ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் வண்டி) போகிறவருக்கும் அது எப்படிக் கேட்கும்?

சாலை நிலவரத்தை மாகாண வனத்துறையின் மாவட்ட அலுவலகப் பக்கத்தில் பாருங்கள். மாகாண அரசின் சாலைத் தகவல் தளமான டிரைவ்பிசி முக்கியமாக நெடுஞ்சாலைகளுக்கானது. பனிச்சரிவு எச்சரிக்கைக்கு அவலாஞ்ச் கனடா அமைப்பின் தளத்தைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.